பின்னுக்கு நின்ற ஏரம்பு

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குலசிங்கத்தாரின் பழைய வான் ஊர்காவற்றுறைத் துறையடியில் இருந்த, வாகனம் திருத்தும் யாக்கோப்பின் கராச்சுக்குள் வந்து நின்றது. ஓட்டிவந்தவரும் குலசிங்கத்தார்தான். இறங்கி வானின் திறப்புக் கொத்தைப் பலகை மேசையில் போட்டார். லைற் வேலை செய்யவேண்டும் என்றார். எந்த லைற் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அது 1973ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். ஒன்பது நாட்களுக்கு முன்னர், அந்த வானுக்கும் துறையடிப் பண்டகசாலைச் சுவருக்கும் நடுவில் நசுங்கி ஏரம்பு செத்திருந்தார்.

ஏரம்பு துறையில் மூட்டை ஏற்றி இறக்குபவர். சுருவிலில் இருந்து குலசிங்கத்தாரின் வெங்காயமும் புகையிலையும் வரும்போது, வானைப் பின்னுக்கு எடுக்க வழிகாட்டுவதும் அவர்தான். வானுக்குப் பின்னால் நின்று, முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டு, பின்கால் வைத்து நடந்தபடியே கையால் கூப்பிடுவார். "வரலாம்... வரலாம்..." என்று இழுத்துச் சொல்வார். சுவர் கிட்ட வந்ததும் "நில்" என்று ஒரே வெட்டாக வெட்டுவார். உடனே பின்னால் இரண்டு சிவப்பு லைற்றும் எரியும். ஓட்டுபவரின் கால் பிரேக்கில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. அதைப் பார்த்த பிறகே ஏரம்பு குனிந்து, வான் உருளாமல் சில்லுக்குக் கட்டை வைப்பார். வெள்ளை லைற் எரிந்தால் வான் பின்னுக்கு வரப்போகிறது, விலகவேண்டும். ஒரு மனிதனின் உயிர் அந்த மூன்று லைற்றிலும் இருந்தது.

ஆவணியில் மூன்றும் செத்துப்போயின. யாக்கோப்பு பார்த்துவிட்டு, வயர் எல்லாம் உப்புக்காற்றில் உக்கிப் போயிருக்கிறது, ஒரு நாள் வேலை, வானை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னான். குலசிங்கத்தார் சிரித்தார்.

"பின்னுக்கு ஏரம்பு நிக்கிறான்தானே. பிறகென்ன லைற்?"

ஏரம்பு செத்த அன்றைக்குச் சாரதிக்குக் காய்ச்சல். குலசிங்கத்தாரே ஓட்டினார். பொழுது படுகிற நேரம், மழை இருட்டு. ஏரம்பு "நில்" என்றார். வான் நின்றது. சிவப்பு எரியாததால் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரண்டு மாதமாகப் பழகிய துணிச்சலில் கட்டையோடு குனிந்தார். வெள்ளை எரியாததால் வான் மறுபடி வரப்போவதும் அவருக்குத் தெரியவில்லை.

"நில், நில், நில்" என்று மூன்று தரம் கேட்டதாகத் துறையில் நின்றவர்கள் சொன்னார்கள்.

யாக்கோப்பு திறப்பைத் தொடவில்லை. "லைற் பழுது எண்டு நான் ஆவணியிலையே சொன்னனான்" என்றான்.

"அதைத்தான் மறக்கச் சொல்லுறன்." குலசிங்கத்தார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமை பொலிஸ் வாகனப் பரிசோதகரைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறது, அதற்குள் மூன்று லைற்றும் எரியவேண்டும், ஆவணியிலேயே திருத்திக் கொடுத்துவிட்டதாக யாக்கோப்பு ஒரு கடிதமும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைக்கவேண்டும் என்றார்.

"அப்ப ஏரம்பண்ணை எப்பிடிச் செத்தவர்?"

"குடிச்சுப்போட்டுப் பின்னுக்கு விழுந்து கிடந்தவன்."

"அந்த மனிசன் கள்ளுக்கூடத் தொடாதவர்."

"பின்னுக்கு நிக்கிறது அவன்ரை வேலை. விலகத் தெரியாதவன் ஏன் நிண்டவன்?"

யாக்கோப்பின் கையில் குறடு இருந்தது. அதன் பிடி உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு இறுக்கினான். குலசிங்கத்தார் அதைக் கவனித்தார். கராச் நிற்கிற காணி யாருடையது என்பதையும் ஒருக்கால் யோசித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, பின்னேரம் வருவதாகக் கூறிப் போனார்.

யாக்கோப்புக்கு அவர்மீது வந்த கோபத்தைவிடத் தன்மீது வந்த கோபம் பெரிது. ஏனென்றால், கொஞ்ச நேரத்தில் அவன் திறப்பை எடுத்தான்.

வானின் பின்பக்கத்தைச் சவுக்காரம் போட்டு உரஞ்சியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்து அழுக்கில் அந்த ஒரு இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அதற்குக் கிட்டப் போனபோது சவுக்கார வாசனைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. துருவின் வாடை. துரு மட்டும்தான் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

பகல் வெளிச்சத்தில் லைற் எரிவது சரியாகத் தெரியாது. தகரக் கதவுகளைச் சாத்தினான். உள்ளே மங்கல் வந்தது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டைகளால் வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. வீதிக்கு அப்பால் கடல் கல்லில் அடிக்கும் சத்தம் கேட்டது.

வழக்கம்போல முறையாகத் தொடங்கினான். முதலில் மூன்று பல்பையும் கழற்றிப் பற்றறியில் வைத்துப் பார்த்தான். மூன்றும் நல்லவை. பியூஸ் நல்லது. பல்பு இருக்கும் கிண்ணங்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அரத்தாள் போட்டு மினுங்கும்வரை தேய்த்தான். பிறகு சாரதியின் இருக்கையில் ஏறி, பிரேக்கை மிதித்து, பழக்க தோஷத்தில் பின்னுக்குக் குரல் கொடுத்தான்.

"எரியுதோ?"

"எரியேல்லை."

இறங்கினான். பிரேக் குழாயில் இருக்கும் சுவிச்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடொன்று முறுக்கினான். சுவிச் பழுதென்றால் இப்போது மிதிக்காமலேயே எரியவேண்டும்.

"இப்ப?"

"எரியேல்லை."

அப்படியென்றால் வயரில்தான் பிழை. வானுக்கு அடியில் படுத்து, பழைய வயரை முழுவதும் உருவி எடுத்துவிட்டுப் புதிய வயர் இழுத்தான். கியர்ப் பெட்டியில் இருக்கும் றிவேர்ஸ் சுவிச்சின் குண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதையும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுப் பூட்டினான். ஒன்றரை மணித்தியாலம் போனது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பின்னால் நிற்பவளைப் பாவம் என்று நினைத்தான். இவ்வளவு நேரம் கால்கடுக்க நிற்கிறாள். அவனுடைய மனைவி அல்போன்சம்மாதான் எப்போதும் பின்னால் நின்று லைற் பார்த்துச் சொல்பவள்.

வானுக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே அவனுக்கு நினைவு வந்தது.

அல்போன்சம்மா நேற்றே தங்கையின் பிள்ளைப்பேற்றுக்கு நாரந்தனைக்குப் போய்விட்டாள்.

அவன் அசையவில்லை.

தலையைத் திருப்பினால் வானின் பின்சில்லுகளுக்கு அப்பால் தரை தெரியும். யாராவது நின்றால் கால் தெரியும். அவனுக்குத் திருப்பப் பயமாக இருந்தது. திருப்பினான்.

எண்ணெய் ஊறிய மண் தரை. ஒரு காலும் இல்லை.

தவழ்ந்து வெளியே வந்தான். கதவுக் கொண்டி போட்டபடியே இருந்தது. தனக்குத்தானே கேட்டுத் தானே பதில் சொல்லியிருக்கிறேன் என்று நினைக்கப் பார்த்தான். ஆனால் அந்தக் குரலின் அடித்தொண்டைக் கரகரப்பு இப்போதுதான் நினைவில் துலங்கியது. அது பெண்குரலே இல்லை. வேலை மும்முரத்தில் அதைக்கூட அவன் கவனிக்கவில்லை.

பயத்தை வேலையால் அமத்தலாம் என்று, ஒரு தடியை இருக்கைக்கும் பிரேக்குக்கும் நடுவில் முட்டுக் கொடுத்துவிட்டுத் தானே பின்னால் போய்ப் பார்த்தான். லைற் எரியவில்லை. பல்பைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய சோதனைப் பல்பை அதே கிண்ணத்தில் வைத்தான். பளீரென்று எரிந்தது. வானின் பல்பை மறுபடி போட்டான். செத்தது. அதே பல்பைப் பற்றறிக்குக் கொண்டுபோனான். எரிந்தது.

பல்பு நல்லது, வயர் நல்லது, மின்சாரம் வந்து நிற்கிறது. இருபது வருடம் இந்த வேலை செய்தவனுக்கு, அது எரியாமல் இருக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

"ஏன் எரியுதில்லை?" என்று வாய்க்குள் முணுமுணுத்தான்.

பதில் வானுக்குப் பின்னால் இருந்து வரவில்லை. அவனுடைய காதடியில் இருந்து வந்தது.

"இப்ப ஏன் திருத்திறாய்?"

ஏரம்புவின் குரல். அதில் அழுகை இல்லை, வேதனை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசும் மனிதனின் குரல் அது. துருவின் வாடை மூக்கில் அறைந்தது.

"அண்ணை, நான் ஆவணியிலையே சொன்னனான்" என்றான் யாக்கோப்பு.

"சொன்னனீ. சொல்லிப்போட்டு விட்டுட்டாய்."

கடல் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. யாக்கோப்பு கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி, வீதிக்கரையில் வெயிலில் குந்திக்கொண்டான். உண்மையில் விட்டுவிட்டவன்தான் அவன். ஆவணியில் திறப்பைப் பறித்து வைத்திருக்கலாம். ஏரம்புவிடமாவது, சிவப்பு எரியாத வானுக்குப் பின்னால் குனியவேண்டாம் என்று நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். துறைக்கும் கராச்சுக்கும் நூறு அடிகூட இல்லை.

ஆறு மணிக்குச் சற்று முன்னதாகக் குலசிங்கத்தார் வந்தார். வானம் கறுத்திருந்தது. காரைநகர்ப் பக்கம் போன கடைசி வள்ளமும் போய்விட்டது. துறையில் நாலைந்து பேர்தான் நின்றார்கள்.

யாக்கோப்பு எழுந்து நின்று, லைற் எரியவில்லை, எரியவும் மாட்டாது, கடிதமும் எழுதமாட்டேன் என்றான். காணியை நாளைக்கே விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னான். அதைச் சொன்னபோது மத்தியானத்தில் இருந்து முதல்தடவையாக அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

குலசிங்கத்தார் அவனுடைய முகத்துக்கு நேரே விரல் நீட்டினார். வேண்டுமென்றே பழுதாக்கி வைத்திருக்கிறீர், என்னைப் பொலிசில் மாட்டப் பார்க்கிறீர் என்று கத்தினார். செருப்புச் சத்தத்தோடு விறுவிறென்று போய்ச் சாரதி இருக்கையில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

"பின்னுக்குப் போய் நிண்டு பாரும். நான் மிதிக்கிறன்."

யாக்கோப்பு கராச்சுக்குள் போகவில்லை. வாசலில் ஒரு ஓரமாக, வானின் பின்பக்கம் தெரியும் இடத்தில் நின்றான். உள்ளே பிரேக் மிதி கிறீச்சிடுவது கேட்டது. லைற் இரண்டும் இருட்டாகவே இருந்தன.

"எரியுதோ?"

யாக்கோப்பு வாயைத் திறக்க முன்னர் பதில் போனது.

"எரியுது."

குலசிங்கத்தார் கியரைத் தள்ளினார். "றிவேர்ஸ்?"

"எரியுது."

அதுவும் எரியவில்லை.

"என்னட்டைப் பொய் சொன்னனீரோ?" குலசிங்கத்தார் உள்ளே இருந்து சிரித்தார். "எல்லாம் எரியுதாம். விலகும், நான் எடுக்கிறன்."

எஞ்சின் உறுமியது. வான் பின்னுக்கு அசைந்து வாசலைத் தாண்டியது. யாக்கோப்பு சுவரோடு ஒட்டிக்கொண்டான். பின்புறம் மூடிய பெட்டி வான் அது. கண்ணாடியில் இருட்டைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. கேட்கிற குரலை நம்பித்தான் ஓட்டவேண்டும்.

"வரலாம்..."

துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"வரலாம்... வரலாம்..."

வான் வீதியைக் கடந்தது. சுருவிலுக்குப் போக இடப்பக்கம் திருப்பவேண்டும். திருப்பவில்லை. குரல் போகிற பக்கம் நேராகத் துறைக் கல்லுக்குப் போனது. அதற்கு அப்பால் கடல். இருபது அடி இருந்தது. பதினைந்து.

யாக்கோப்பு வானுக்குப் பக்கத்தால் ஓடிக்கொண்டிருந்தான். சாரதிப் பக்க யன்னல் கண்ணாடி பாதி இறக்கியபடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. "நில்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவனுக்கு அது தெரியும். வாயைத் திறந்தான். கண்ணாடிக்குள் குலசிங்கத்தாரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது. விலகத் தெரியாதவன் ஏன் நிண்டவன் என்று கேட்ட அதே வாய்.

யாக்கோப்பு வாயை மூடிக்கொண்டான்.

பத்து அடி.

ஐந்து.

பின்சில்லு கல்லின் விளிம்பில் ஏறியபோது மூன்று லைற்றும் ஒன்றாக எரிந்தன. சிவப்பு இரண்டும், வெள்ளையும். அந்த வானில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் முன்னர் பார்த்ததில்லை. கடல் சிவந்து தெரிந்தது. குலசிங்கத்தாரின் கால் பிரேக்கை முழுவதும் அமத்தியிருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வான் நிற்கவில்லை.

அந்த வெளிச்சத்தில், கல்லுக்கு அப்பால், கால் வைக்க இடமே இல்லாத இடத்தில், ஏரம்பு நின்றார். நெஞ்சு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. ஒரு கையை உயர்த்தி, மெல்ல மெல்லத் தன்பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வரலாம்."

தண்ணீர் வானை ஒரே மடக்கில் விழுங்கியது. வள்ளங்கள் வந்து, சுழியோடிகள் இறங்கி, கதவைத் திறக்க முடியாமல் மேலே வந்தார்கள். அடியில் லைற் எரிந்துகொண்டிருந்தது. பற்றறி உப்புத் தண்ணீருக்குள் கிடந்தும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தச் சிவப்பு அணையவில்லை. அது அணைந்த பிறகுதான் கதவு திறபட்டது.

விசாரணையில் யாக்கோப்பிடம் ஒரே ஒரு கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். துறையில் நின்றவர்கள் எல்லோரும் "வரலாம்" என்ற குரலைக் கேட்டிருக்கிறார்கள், கூப்பிட்டது நீயா?

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

அது முழு உண்மை. அந்த உண்மைதான் அவனைச் சாப்பிடவும் தூங்கவும் விடவில்லை.

ஏரம்புவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் அவருடைய மனைவி இலட்சுமிப்பிள்ளை கராச்சுக்கு வந்தாள். யாக்கோப்பு கதிரையை இழுத்துப் போட்டான். அவள் அதில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றாள். அவளுக்கு ஆறுதலாக இருக்குமென்று நினைத்து, நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னான். தான் வாயை மூடிக்கொண்டதையும் சொன்னான். அவள் கண் கலங்காமல் கேட்டாள்.

"உம்மை ஆர் வாயை மூடச் சொன்னது?" என்றாள். "உயிரோடை விட்டிருந்தா அந்தாள் கோட்டுக் கூண்டிலை நிண்டிருக்கும். என்ரை மனிசன் குடிகாரன் இல்லை எண்டு துறையிலை நிண்டவை ஊர் முழுக்கக் கேக்கச் சொல்லியிருப்பினம். இப்ப வழக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. அந்தாள் சொல்லிப் பொலிஸ் எழுதின கடுதாசியிலை அவர் இண்டைக்கும் குடிகாரன்தான்."

அவள் போகத் திரும்பினாள்.

"முப்பத்தொண்டுக்குப் படைச்சதை ஒரு காகமும் தொடேல்லை" என்றாள். "அவருக்குக் கோவம் ஆறேல்லை. ஆறாது. உமக்கும் ஒரு பங்கு இருக்கு, வைச்சுக்கொள்ளும்."

அவள் போய்விட்டாள். மூன்று நாளில் யாக்கோப்பு கராச்சைப் பூட்டித் திறப்பைக் குலசிங்கத்தாரின் வீட்டில் கொடுத்துவிட்டு, அல்போன்சம்மாவையும் கூட்டிக்கொண்டு எழுவைதீவுக்குப் போனான். அங்கே கார் இல்லை, வான் இல்லை. மீன்பிடிக்காரரின் வள்ள எஞ்சின்களைத் திருத்திச் சீவிக்கலாம். கரையில் இருந்து அறுபது அடி தள்ளி, ஓலை வேய்ந்து சீமெந்துத் தரை போட்ட ஒரு சின்ன வீடு கிடைத்தது. அல்போன்சம்மா வாசல் மணலைப் பின்னேரத்தில் கூட்டிவிட்டால் விடியும்வரை ஒரு கீறலும் இருக்காது.

மார்கழியில் ஒருநாள் விடிய அவள்தான் முதலில் கண்டு, யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்றாள்.

கடலில் இருந்து ஒரு வெறுங்கால் தடம் வீட்டை நோக்கி வந்திருந்தது. ஆனால் விரல்கள் கடலைப் பார்த்திருந்தன, குதிக்கால் வீட்டைப் பார்த்திருந்தது. யாரோ பின்கால் வைத்து நடந்து வந்திருக்கிறார்கள். அந்தத் தடத்துக்கு எதிரே, இரண்டு முழம் விட்டு, செருப்புக்கால் தடம் ஒன்று. அது நேராக, ஒழுங்காக, வீட்டைப் பார்த்து வந்திருந்தது. கூப்பிட்டவரும் கூப்பிடப்பட்டவரும் பாதி வழியில் நின்றிருந்தார்கள்.

யாக்கோப்பு அதைக் காலால் கலைத்தான். வள்ளக்காரர் யாராவது இருக்கும் என்று மனைவிக்குச் சொன்னான். அடுத்த நாள் தடங்கள் வாசற்படி வரைக்கும் வந்திருந்தன. அன்று பின்னேரம் அவன் கதவுக்குக் குறுக்கே மரம் போட்டு இறுக்கிவிட்டு, வாசலில் உப்புத் தூவி, மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு நெடுநேரம் இருந்தான்.

விடியக் கண் விழித்தபோது கதவு மரம் போட்டபடியே இருந்தது.

சீமெந்துத் தரை ஈரமாக இருந்தது. வெறுங்கால் தடமும், அதற்கு எதிரே செருப்புக்கால் தடமும் கதவடியில் தொடங்கி அறைக்குள் வந்து, அவனுடைய பாயின் தலைமாட்டில் முடிந்திருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.